எல்லாவற்றுக்கும் மேலே ஒரு டிராப்-டவுன்

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-ஐத் திட்டாத வெப் டெவலப்பர் என் தலைமுறையில் கிடையாது. 2001 ஆகஸ்டில் வந்த பிரவுசர் அது. விண்டோஸ் எக்ஸ்பி போன இடமெல்லாம் கூடவே போய் உட்கார்ந்துகொண்டது. எங்கள் தூக்கம், ஞாயிற்றுக்கிழமை, தலைமுடி எல்லாவற்றையும் அதுதான் கொண்டுபோனது என்று இன்றைக்கும் சொல்லித் திரிகிறோம். இப்போது யோசித்தால் அதற்குக் கோயில் கட்டியிருக்க வேண்டும் என்று படுகிறது. எது கெட்டாலும் பழியைப் போட ஓர் ஆள் இருந்ததே, அந்தச் சௌகரியம் இனி வருமா?

மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கும் டிராப்-டவுனையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தின் உச்சியில் ஒரு மெனு இருக்கும். மவுஸைக் கொண்டுபோனால் கீழே விரியும். விரிகிற இடத்தில் டிராப்-டவுன் இருந்துவிட்டால் தீர்ந்தது. மெனு அதற்கு அடியில் போய்விடும். ‘எங்களைப் பற்றி’, ‘தொடர்புக்கு’ என்ற வரிகளுக்கு நடுவே ‘ஆந்திரப் பிரதேசம்’ துருத்திக்கொண்டு நிற்கும். எது மேலே, எது கீழே என்று தீர்மானிக்கிற இசட்-இண்டெக்ஸை எவ்வளவு ஏற்றினாலும் அசையாது. ஏனென்றால் அந்தப் பெட்டி பக்கத்தைச் சேர்ந்ததே இல்லை. விண்டோஸ் தன் கையால் வரைந்த தனி ஜன்னல். பக்கத்தின் சட்டம் அதனிடம் செல்லாது.

வைத்தியம் விசித்திரமானது. மெனுவுக்கு அடியில், அதே அகல உயரத்தில், பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் சட்டமான ஐஃபிரேம் ஒன்றைக் காலியாகப் படுக்கவைக்க வேண்டும். ஐஃபிரேம் டிராப்-டவுனை மறைக்கும், மெனு ஐஃபிரேமின் மேல் ஏறி உட்காரும். இந்த வித்தை தெரிந்தவனுக்கு ஆபீஸில் தனி மரியாதை. பக்கத்து டீமிலிருந்து ‘சார், ஒரு நிமிஷம் வர முடியுமா?’ என்று வந்து கூப்பிடுவார்கள். 2006 அக்டோபரில் எக்ஸ்ப்ளோரர் 7 வந்தது. டிராப்-டவுன் அடங்கிப்போனது, மரியாதையும் கூடவே போனது.

பிழை கண்டுபிடிக்க எங்களிடம் இருந்தவை இரண்டு ஆயுதங்கள். ஒன்று, பிரவுசரின் இடதுகீழ் மூலையில் தோன்றும் மஞ்சள் முக்கோணம். அதை இரட்டைக் கிளிக் செய்தால் ‘ஆப்ஜெக்ட் எக்ஸ்பெக்டெட்’ என்று சொல்லும், ஒரு வரி எண் கொடுக்கும். எந்த ஸ்கிரிப்ட் ஃபைலின் வரி என்பதை மட்டும் தன்னோடு வைத்துக்கொள்ளும். இரண்டாவது ஆயுதம், ஓகே அழுத்தும்வரை நகராத அலெர்ட் பெட்டி. ‘இங்கே வந்தேன்’, ‘இதற்குள் போனேன்’, ‘வெளியே வந்தேன்’ என்று வரிக்கு வரி அலெர்ட் போட்டு, ஓகே ஓகே என்று அழுத்திக்கொண்டே போவோம். லூப்புக்குள் அலெர்ட் போட்டவன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பிரவுசரையே முடித்துவைப்பான்.

அலெர்ட்டால் பிழையைத் தேடலாம், பிழையையே செய்யவும் செய்யலாம். பெயரைக் காலியாக விட்டு நகர்ந்தால் எச்சரித்துவிட்டு, கர்சரை மறுபடி பெயரிலேயே கொண்டுவந்து வைக்க வேண்டும் என்பது அன்றைய நாகரிகம். எல்லா ஃபீல்டுக்கும் இதையே எழுதுவார்கள். பெயரிலிருந்து நகர்ந்தவுடன் கர்சர் முகவரிக்குப் போயிருக்கும். ‘பெயர் தேவை’ என்று பெயருக்கு இழுத்து வந்தால், முகவரியைக் காலியாக விட்டு நகர்ந்ததாக ஆகிவிடும். ‘முகவரி தேவை’ என்று அங்கே இழுப்பார்கள். உடனே மறுபடி ‘பெயர் தேவை’. படிவத்தைத் திறந்த வாடிக்கையாளர் ஒரு எழுத்துக்கூட அடிக்காமல் சாயங்காலம் வரை ஓகே அழுத்தலாம்.

2006 ஜனவரியில் ஃபயர்ஃபாக்ஸுக்கு ஃபயர்பக் வந்தது. எந்தப் பெட்டி, எந்த ஸ்டைல், எந்த வரி என்று உள்ளே போய்ப் பார்க்க முடிந்தது. இன்று எஃப்12-ஐத் தட்டினால் நெட்வொர்க், நினைவகம், ஒவ்வொரு நிகழ்வின் நேரம் எல்லாம் படம்படமாக விரிகிறது. ஐசியு நோயாளிக்குக்கூட இத்தனை மானிட்டர் கிடையாது.

இவ்வளவு கருவி வந்ததும் பிழை ஒழிந்திருக்க வேண்டும் இல்லையா? டிராப்-டவுன் ஒழுங்காக வேலை செய்ய ஆரம்பித்ததுதான் தாமதம், அதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று டிசைனர்கள் சொல்லிவிட்டார்கள். மூலை வட்டமாக இல்லை, அம்புக்குறி அழகாக இல்லை. ஆகவே பிரவுசரே தரும் அசல் டிராப்-டவுனான செலக்ட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, டிவ் என்கிற வெறும் பெட்டிகளை அடுக்கிப் புதிய டிராப்-டவுன் செய்வது உலக வழக்கமாயிற்று. அழகாகத்தான் இருந்தது.

அந்த அசிங்கமான பழைய பெட்டி என்னென்ன செய்துகொண்டிருந்தது என்பது அது போன பிறகுதான் தெரிந்தது. டேப் தட்டினால் அதற்குப் போகலாம். ஆங்கில ‘டி’யைத் தட்டினால் தமிழ்நாடு நிற்கும், இன்னொரு முறை தட்டினால் அன்று திரிபுரா, 2014 ஜூனுக்குப் பிறகு தெலங்கானா. கண் தெரியாதவருக்கு ஸ்க்ரீன் ரீடர் ‘இத்தனையில் இத்தனையாவது’ என்று வாசித்துக் காட்டும். கைபேசியில் விரலுக்கு ஏற்ற பெரிய பட்டியலாக மாறும். இதற்கெல்லாம் யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை. டிவ்வில் ஒவ்வொன்றையும் கையால் எழுத வேண்டும். எழுதினார்கள். விட்டுப்போனது டெஸ்டர் கையில் டிக்கெட்டாக வந்தது.

மேலே, கீழே என்கிற தகராறும் திரும்பி வந்துவிட்டது, இந்த முறை தலைகீழாக. முன்பு எல்லாவற்றுக்கும் மேலே நின்ற டிராப்-டவுன், இப்போது எல்லாவற்றுக்கும் அடியில் சிக்கிக்கொள்கிறது. ஓவர்ஃப்ளோவை மறைக்கச் சொன்ன கார்டுக்குள் இருந்தால் பட்டியல் பாதியில் வெட்டுப்படும். இசட்-இண்டெக்ஸை 9999 ஆக்குவார்கள், பிறகு 99999. 2147483647 வரை போனவர்களும் உண்டு; கூட்டல் கழித்தல் குறியோடு சேர்த்து 32 பிட்டில் அதற்கு மேல் எண் இல்லை. அப்படியும் மேலே வராது. வெளியே ஏதோ ஒரு பெட்டிக்கு யாரோ அனிமேஷனுக்காக டிரான்ஸ்ஃபார்ம் கொடுத்திருப்பார்கள். அது தனி அடுக்காகிவிடும். உள்ளே எவ்வளவு பெரிய எண் வைத்தாலும் அந்த வீட்டுக்குள்தான் செல்வாக்கு. சரி என்று பட்டியலை மட்டும் பிடுங்கிப் பக்கத்தின் கடைசியில் கொண்டுபோய் ஒட்டுவார்கள். ஸ்க்ரோல் செய்தால் ஃபீல்டு மேலே போகும், பட்டியல் நின்ற இடத்திலேயே அந்தரத்தில் தொங்கும்.

2025-இல் குரோம் 135 ஒரு நற்செய்தி கொண்டுவந்தது: அசல் செலக்ட்டையே இனி விருப்பம்போல் அலங்கரித்துக்கொள்ளலாம். எங்கள் டீமில் இருபத்து மூன்று வயதுப் பையன் ஒருவன் ஓடி வந்தான். “ப்ரோ, செமயா ஒண்ணு வந்திருக்கு. கீபோர்டு, ஸ்க்ரீன் ரீடர் எல்லாம் அதுவே பாத்துக்குது. நாம ஒண்ணும் எழுத வேணாம்!”

பெட்டி திருந்தியது, சரி. எங்கே எந்தப் பெட்டியை வைப்பது என்கிற கதை தனி. முன்பு எண் மட்டும் வாங்கும் பெட்டி வேண்டுமென்றால் விசைக்கு விசை ஸ்கிரிப்ட் எழுதிக் காவல் காக்க வேண்டும். 2014 அக்டோபரில் முறைப்படி தரநிலையான எச்டிஎம்எல் 5, ‘நம்பர்’ என்றே ஒரு வகை கொடுத்தது. உடனே எண்ணாகத் தெரிந்த எல்லாமே நம்பர் ஆகிவிட்டது: கைபேசி, பின்கோடு, வங்கிக் கணக்கு. இத்தனை எழுத்துக்கு மேல் கூடாது என்கிற மேக்ஸ்லெங்த் நம்பர் பெட்டியிடம் செல்லாது. பத்து இலக்கக் கைபேசி எண்ணுக்குப் பதினைந்து அடிக்கலாம். அடுக்கு எண் எழுத வசதியாக ஆங்கில ‘இ’யையும் அது அனுமதிக்கும். எழுதியவர் அதை உண்மையிலேயே எண்ணாக மாற்றிவிட்டால் இன்னும் விசேஷம். 9007199254740992-ஐத் தாண்டிய முழு எண்களை ஜாவாஸ்கிரிப்ட் துல்லியமாகப் பிடித்துவைக்காது; நீளமான கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் மாறிவிடும். கூட்டிக் கழிக்கத் தேவையில்லாதது எண்ணே அல்ல, சாதாரண டெக்ஸ்ட் பெட்டியும் எண் கீபோர்டும் போதும் என்று தரநிலையே சொல்கிறது. தரநிலையைப் படிக்க யாருக்கு நேரம்?

பெயர் என்கிற ஃபீல்டைப் பற்றித் தமிழர்கள் தனிப் புத்தகமே போடலாம். அந்தக் காலத்தில் மேற்கத்திய எழுத்துக் குறியீட்டில் இருந்த பக்கத்தில் கார்த்திகேயன் என்று தமிழில் அடித்து அனுப்பினால், க என்பது க ஆகப் போய்ச் சேரும். எழுத்துக்கு ஏழு குறி வீதம் அந்த ஒரு பெயர் 91 குறிகள் பிடிக்கும். டேட்டாபேஸில் ஐம்பதுதான் இடம் என்றால் பாதிக் கார்த்திகேயன் மட்டும் உள்ளே போவார்.

இப்போது எங்கும் யூடிஎஃப்-8. எழுத்து உடையாது. ஆனால் கண்ணுக்கு ஏழு எழுத்தாகத் தெரிகிற கார்த்திகேயன், மேக்ஸ்லெங்த்தின் கணக்கில் பதின்மூன்று. கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனி. பெயரில் எழுத்து மட்டும்தான் வர வேண்டும் என்று எல்லா மொழிக்கும் பொதுவாக நவீன விதி எழுதுகிறவர்களும் உண்டு, நல்ல மனதோடுதான். யூனிகோடு கணக்கில் புள்ளி எழுத்து அல்ல, குறி. ஆகவே மெய்யெழுத்து உள்ள தமிழ்ப் பெயர் எதுவும் அந்த வாசலைத் தாண்டாது.

இதையெல்லாம் தாண்டி ஆங்கிலத்திலேயே அடித்தாலும் ‘லாஸ்ட் நேம்’ காத்திருக்கிறது. அண்மையில் ஒரு பதிவுப் படிவத்தில் என் இனிஷியலைப் போட்டேன். குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்றது. புள்ளி சேர்த்தேன், புள்ளி கூடாது என்றது. அப்பாவின் முழுப் பெயரைக் கொடுத்ததும் பச்சை டிக் விழுந்தது. அன்றிலிருந்து வாரம் ஒருமுறை கால் சென்டர் பெண் அழைத்து, அப்பாவின் பெயரைச் சொல்லி, லோன் வேண்டுமா என்று கேட்கிறாள். அவர் வாழ்நாளில் யாரிடமும் கைம்மாற்றுகூட வாங்காத மனிதர்.

அந்தப் படிவத்தை எஃப்12-இல் திறந்து பார்த்தேன். கன்சோலில் ஒரு சிவப்பு வரி இல்லை. எல்லா டெஸ்ட்டும் பாஸாகியிருக்கும். பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு நிமிடம் மேலும் கீழும் பார்த்தான்.

“இது பக் இல்ல ப்ரோ. ரெக்வயர்மென்ட்ல அப்படித்தான் இருக்கும்.”