தெரியுதா மாமா?

அக்கா மகன் புது மானிட்டர் வாங்கியிருக்கிறான். 240 ஹெர்ட்ஸ். வீட்டுக்குள் நுழைகிறவர்களையெல்லாம் அதன் முன்னால் நிறுத்தி, மவுஸை இப்படியும் அப்படியும் இழுத்துக் காட்டி, "வித்தியாசம் தெரியுதா?" என்று கேட்கிறான். இந்தக் கேள்விக்கு நம்மில் யார், எந்தக் காலத்தில், தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறோம்? எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. இரண்டு கண்ணிலும் புரை விழுந்து ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கும் அவன் அப்பாயிகூட, "நல்லா பளிச்சுன்னு இருக்குது சாமி" என்றார்.

நேற்று அரூரிலிருந்து வந்த அவன் கூட்டாளி செட்டிங்ஸைத் திறந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். வாங்கிய நாளிலிருந்து அது 60-இல்தான் ஓடியிருக்கிறது. விண்டோஸில் நாமாகப் போய் மாற்றாவிட்டால் பெரும்பாலும் அப்படித்தான்.

மாற்றினார்கள். மறுபடி கூப்பிட்டான். "இப்ப தெரியுதா மாமா?"

இந்தத் தடவை நிஜமாகவே தெரிந்தது. அதுதான் எரிச்சல்.

கொடுத்த காசுக்குத் தகுமா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் திரையில் நிற்பது 16.7 மில்லி செகண்ட். 144-இல் 6.9. 240-இல் 4.2. பெரிய லாபம் முதல் தாவலிலேயே முடிந்துவிடுகிறது. 2023-இல் ஏசுஸ் 540 ஹெர்ட்ஸ் மானிட்டரே கொண்டுவந்தது. 240-இலிருந்து அதற்குத் தாவினால் மிச்சம் இரண்டே கால் மில்லி செகண்ட் சொச்சம். இவன் ஆடும் வேலரன்ட்டுக்கு மும்பையில் சர்வர். இவன் சுட்ட குண்டு தருமபுரியிலிருந்து அங்கே போய்த் திரும்புவதற்கே நாற்பதுக்கு மேல் ஆகிறது. மழை பெய்தால் கேட்கவே வேண்டாம்.

"எம்.ஜி.ஆரும் நம்பியாரும் நொடிக்கு 24 பிரேமில்தான்டா கத்தி வீசினாங்க" என்றேன்.

"அது நீங்க பாத்தது மாமா. இது நான் ஆடறது."

சரியான பதில். சரியான பதில் சொல்கிற பையன்களை எனக்குப் பிடிப்பதில்லை.

பெட்டியில் இன்னொன்று போட்டிருக்கிறது: ரெஸ்பான்ஸ் டைம் 1 மில்லி செகண்ட். மானிட்டருக்குச் சரி. அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு? இன்று காலை அக்கா சமையலறையிலிருந்து, "டேங்க் நெறஞ்சு வழியுது, மோட்டார நிறுத்துடா" என்று கத்தினாள். "தோ" என்றான். அந்த "தோ" வந்த வேகத்தைக் குறை சொல்ல முடியாது. மோட்டார் நின்றது இருபத்தைந்து நிமிடம் கழித்து. 15 லட்சம் மில்லி செகண்ட். 60-இலிருந்து 240-க்குப் போய் இவன் பிரேமுக்குப் பிரேம் மிச்சம் பிடிப்பது பன்னிரண்டரை. ஒரே ஒரு "தோ"வில் அதைப்போல 1,20,000 மடங்கு செலவு. அதே நேரத்தில் திரை 3,60,000 தடவை தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. ஒரு தடவையாவது மோட்டார் ஞாபகம் வந்ததா? நிறுத்தியதும் அவன் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் சுவரேறி வந்து நிறுத்தினார். வழிந்தது ஒகேனக்கல் தண்ணீர். போர் தண்ணீரின் ஃப்ளோரைடில் பல்லெல்லாம் பழுப்பேறிய மாவட்டம் இது. 2013 வரை காத்திருந்து வாங்கிய காவிரித் தண்ணீர் மொட்டை மாடியிலிருந்து தெருவுக்கு எந்த ஹெர்ட்ஸில் கொட்டியது என்று அவன் கூட்டாளிதான் அளந்து சொல்ல வேண்டும். அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவன் அந்த ஆட்டத்திலும் தோற்றுவிட்டான். அதையாவது ஜெயித்திருக்கலாம்.

விலை பதினெட்டாயிரம். மச்சான் போன மாதம் பாலக்கோடு மண்டியில் தக்காளியைக் கிலோ ஆறு ரூபாய்க்குத் தள்ளிவிட்டு வந்தவர். மூன்று டன் தக்காளி இப்போது சுவரோரமாக மினுக்கிக்கொண்டு நிற்கிறது. வாய் திறக்காத மனுஷன், ராத்திரி அதன் முன்னால் வந்து நின்றார்.

"இதுல சன் டி.வி. வருமா?"

"வராதுப்பா."

"பாட்டாவது கேக்குமா?"

"ஸ்பீக்கர் கெடையாதுப்பா. ஹெட்செட் தனியா வாங்கணும்."

"எவ்வளவு?" என்றார் மச்சான், அவனைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து.