பி பக்கம், கடைசிப் பாட்டு

மதுரையில் 1976-ஆம் ஆண்டு ஒரே பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் 23 பேர், 2020 ஊரடங்கின்போது ஒரு வாட்ஸ்அப் குழுவாகச் சேர்ந்தார்கள். சேர்ந்தது நலம் விசாரிக்க. முதல் இரண்டு நாள் விசாரிக்கவும் செய்தார்கள். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ஸ்டென்ட், யாருடைய மகன் எந்தத் தேசத்தில் என்ற கணக்கெல்லாம் முடிந்ததும் பேச்சு தீர்ந்துபோயிற்று. மூன்றாம் நாள் காலை ஒருவர் பழைய பாட்டு ஒன்றைப் போட்டார். அன்றைக்கு ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை.

குற்றம் தேதியினுடையது. இவர்கள் தேர்வை முடித்துவிட்டு வைகை மணலில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த அந்தக் கோடை விடுமுறையில், மே 14 அன்று 'அன்னக்கிளி' வெளிவந்தது. இளையராஜாவுக்கு முதல் படம். பள்ளிக்கூடத்தை விட்டு வரும்போது எல்லோரும் எம்.எஸ். விசுவநாதன் கட்சி. கல்லூரிக்கு விண்ணப்பம் போடும்போது பாதிப்பேர் கட்சி மாறியிருந்தார்கள். வகுப்பின் குறுக்கே எல்லைக்கோடு போட்ட மாதிரி ஒரு படம் வந்து விழுந்தால் பையன்கள் என்ன செய்வார்கள்?

பழைய கட்சிக்குத் தலைவர் வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். புதிய கட்சிக்குத் தலைவர் கணக்கு வாத்தியார். வாத்தியார் 'அன்னக்கிளி'யை எடுத்தாலே காசாளரிடம் பதில் தயாராக இருக்கும். "அதுலயே டி.எம்.எஸ். பாடியிருக்கார்டா. எங்க ஆளு இல்லாம உங்க ஆளு கடையே தொறக்க முடியல." டி.எம். சௌந்தரராஜன் 1922-இல் மதுரையில் பிறந்தவர். காசாளர் பேசுவதைக் கேட்டால், ரேஷன் கார்டில் இவர் பெயருக்கு அடுத்த பெயர் அவருடையது என்று தோன்றும்.

மனிதர்களுக்குப் பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவைதாம் பிற்காலத்தில் அதிகமாகவும் தெளிவாகவும் நினைவுக்கு வருகின்றன என்று உளவியல்காரர்கள் கண்டிருக்கிறார்கள். பாட்டு விஷயத்தில் இது இன்னும் பிடிவாதமானது. மீசை அரும்பிய வருஷத்தில் காதில் விழுந்தது கடைசிவரை இறங்குவதில்லை. இதைப் படித்துவிட்டு வாத்தியார் குழுவில் விளக்கமாக எழுதினார். காசாளர் யோசித்து, அரைமணி நேரம் கழித்துப் பதில் போட்டார்: "அப்ப எனக்கு ரசனையே கிடையாது, வயசு மட்டும்தான் இருந்துச்சுங்கிறியா மாப்ள?"

குழுவின் நிர்வாகி ஓய்வு பெற்ற தாசில்தார். திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று ஊர் இரண்டுபட்டு நிற்கும்போது சமாதானக் கூட்டம் நடத்திப் பழகியவர். சண்டை முற்றியதும் அவர் ஒரே ஒரு ஆயுதத்தை எடுப்பார்: 1986-இல் வந்த 'மெல்லத் திறந்தது கதவு' படப் பாட்டு ஒன்று. விசுவநாதனும் இளையராஜாவும் சேர்ந்து இசையமைத்த படம் அது. மெட்டு பெரியவர், வாத்திய அமைப்பு சின்னவர். இரு தரப்பும் திருப்தியாகக் கலைந்து செல்ல வேண்டியது. ஆனால் நடந்தது வேறு. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வருகிற புல்லாங்குழல் யார் யோசனை என்று புது வழக்கு ஆரம்பித்தது. நிர்வாகி இரவு பதினொன்றுக்குக் குழுவைப் பூட்டினார். மேற்படி பாடல் குறித்து மேலும் கருத்துகள் ஏற்கப்படமாட்டா என்று ஒரு குறிப்பும் போட்டார். குழுவில் யாரும் சிரிக்கவில்லை. பூட்டியிருந்ததால் சிரிக்க முடியவில்லை.

ஒரு விஷயம் இங்கே சொல்லியாக வேண்டும். இவர்களில் யாரும் மற்றவர் போடுகிற பாட்டைக் கேட்பதில்லை. இது அவதூறு அல்ல, நேரக்கணக்கு. காசாளர் தம் சொந்தக் குரலில் டி.எம்.எஸ். பாட்டைப் பாடி அனுப்புகிற வழக்கம் உள்ளவர். விடியற்காலை 5:40-க்கு ஒலிப்பதிவு வந்து விழும். நீளம் 4 நிமிடம் 12 நொடி. 5:40-க்கே மூன்று கைதட்டல் வந்துவிடும். 5:41-க்கு "இரண்டாவது சரணத்தில் கண்ணீர் வந்துவிட்டது" என்று ஒருவர் எழுதுவார். இரண்டாவது சரணம் தொடங்கவே மூன்று நிமிடம் ஆக வேண்டும். வங்கியில் முப்பத்தைந்து வருஷம் கணக்கு முடித்த மனிதருக்கு இது தெரியாமல் இல்லை; கைதட்டலை வரவில் வைத்துக்கொண்டு மறுநாளும் பாடுகிறார்.

நியூஜெர்சியில் மகன் வீட்டில் இருப்பவரின் சேவை வேறு விதம். தினம் ஒரு பி. சுசீலா பாட்டு. நாட்டை விட்டுப் போன பிறகு அவருக்கு ஏற்பட்ட விரதம் இது. 2016-இல் கின்னஸ் புத்தகம் சுசீலா பாடிய பாட்டுகளை 17,695 என்று எண்ணி அங்கீகரித்தது. வாத்தியார் சும்மா இருப்பாரா? வகுத்துப் பார்த்துவிட்டார். நாளுக்கு ஒன்று என்றால் 48 வருஷம், 5 மாதம். "2068 கடைசி வாக்குல முடிப்ப. அப்ப உனக்கு 108 வயசு. உடம்பப் பாத்துக்க." அந்த எண்ணிக்கை ஆறு மொழிகளுக்கானது ஆயிற்றே, தமிழ் மட்டும் போட்டால் சீக்கிரம் முடியாதா என்று ஒருவர் பரிவோடு கேட்டார். தெலுங்கை விடுவதற்கில்லை என்று நியூஜெர்சி உறுதியாகச் சொல்லிவிட்டது.

கவிஞர் விஷயத்தில் மட்டும் இரண்டு கட்சியும் ஒன்று: நல்ல வரி எதுவானாலும் அது கண்ணதாசனுடையது. எம்.ஜி.ஆர். நடித்த 'படகோட்டி' (1964) பாட்டு எது வந்தாலும் "கவியரசர்னா கவியரசர்தான்" என்று குறைந்தது நாலு பேர் உருகுவார்கள். அந்தப் படத்தின் எல்லாப் பாட்டையும் எழுதியவர் வாலி. இதை ஒவ்வொரு முறையும் திருத்துவது இந்தக் கட்டுரையை எழுதுகிறவரின் வேலை. ஐந்து வருஷமாகத் திருத்துகிறார். போன மாதம்கூட ஒருவர், "நீ சொல்றது சரிதான், வாலி எழுதியிருக்கலாம், ஆனா அதுல இருக்கிற தத்துவம் கண்ணதாசன்" என்று தீர்ப்புச் சொல்லி வழக்கை முடித்தார். இதற்கு மேல் முறையீடு கிடையாது.

பாட்டோடு வருகிற கதைகள் தனி ரகம். 'பட்டணத்தில் பூதம்' (1967) படத்துப் பாட்டு ஒன்றில் கண்ணதாசன், காமராஜருடைய தாயார் சிவகாமியின் பெயரை வைத்து அவருக்குத் தூது விட்டார் என்று சொல்லப்படும் கதை இந்தக் குழுவுக்கு மட்டும் நான்கு உருவத்தில் வந்திருக்கிறது. ஒவ்வொன்றின் தலையிலும் 'பலமுறை அனுப்பப்பட்டது' என்ற இரட்டை அம்புக்குறி. முதல் கதையில் முடிவு ஒரு வரி. நான்காவது கதையில் அது ஒன்றரைப் பக்கம் வளர்ந்து, மழையெல்லாம் பெய்திருந்தது.

இரு கட்சியும் சண்டையை மறந்து மௌனமாகிற இடம் ஒன்று உண்டு: இலங்கை வானொலி.

அதன் பின்னணி இவர்கள் பிறப்பதற்கு முந்தையது. 1952-இல் மத்திய அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு என்றால் ஆகாது. அகில இந்திய வானொலியில் அதற்குக் கதவடைத்தார். நேயர்கள் முள்ளைத் திருப்பிக் கொழும்புக்குப் போய்விட்டார்கள். 1957 அக்டோபரில் விவித பாரதியைத் தொடங்கி அழைத்தபோதும் தென்மாவட்டத்துக் காதுகள் முழுசாகத் திரும்பி வரவில்லை. கே.எஸ். ராஜா மூச்சுவிடாமல் பேசுவதையும், ராஜேஸ்வரி சண்முகம் பேசும்போது நடுவில் விடுகிற இடைவெளியையும், பி.எச். அப்துல் ஹமீது ஒவ்வொரு 'ழ'வையும் பத்திரமாக இறக்கி வைப்பதையும் கேட்டு வளர்ந்த ஊரை வேறு எந்த நிலையம் திருப்பி அழைக்க முடியும்? காலையில் 'பொங்கும் பூம்புனல்' ஆரம்பித்தால் தெருமுனை டீக்கடையிலிருந்து பள்ளிக்கூட வாசல் வரை ஒரு பாட்டை ஒரு வரிகூட விடாமல் கேட்டபடி நடந்து போகலாம். தாசில்தார் மட்டும் ஒரு சரணத்தை விட்டுவிடுவார். வழியில் ஒரு வீட்டு ரேடியோவில் பேட்டரி தீர்ந்திருக்கும்.

அந்த ஒலிபரப்பு கடலைத் தாண்டி வந்ததால் அலை மாதிரி ஏறும், இறங்கும், நடுவில் வேறு நிலையம் ஒன்று உறுமிவிட்டுப் போகும். இப்போது அதே பாட்டுகள் துடைத்துக் கழுவிப் புதுசாகக் கிடைக்கின்றன. வாத்தியார் ஒன்றை அனுப்பினார். காசாளருக்குப் பிடிக்கவில்லை. "இது அந்தப் பாட்டு இல்லடா. 'பா'ன்னு இழுக்கிற எடத்துல ஒரு 'கொர்ர்' வரும். அதக் காணோம்." ஐந்து நிமிடத்தில் நியூஜெர்சியிலிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. மூன்றே நொடி. அடித்தொண்டையிலிருந்து ஒரு "கொர்ர்". குழுவின் சரித்திரத்தில் 22 பேரும் முழுசாகக் கேட்ட ஒரே பதிவு அதுதான்.

நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை போட்ட கதைகளும் வரும். வாத்தியார் ஒரு வானொலி நிலையத்துக்கு வாரா வாரம் எழுதி, ஒருநாள் அவர் பெயர் நிஜமாகவே வாசிக்கப்பட்டது. ஆனால் ஊர்ப் பெயரை மாற்றி வாசித்துவிட்டார்கள். அது வேறு யாரோ என்று ஐம்பது வருஷமாகக் காசாளர் சாதிக்கிறார்.

இனி கேசட்டுக்கு வரலாம். இந்தக் குழுவின் மூலவிக்கிரகம் அதுதான்.

1982-இல் இவர்களில் ஒருவர் ரெக்கார்டிங் சென்டர் வைத்தார். வெளிநாட்டில் வேலை பார்த்த அண்ணன் கொண்டுவந்த டூ-இன்-ஒன், இரண்டு பெட்டி இசைத்தட்டு, வாசலில் ஒரு பெஞ்சு. முதலீடு அவ்வளவுதான். வாடிக்கையாளர்கள் நோட்டிலிருந்து கிழித்த தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுப்பார்கள். சி-60 கேசட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். பட்டியலோ எப்போதும் 34 நிமிடத்துக்கு இருக்கும். கடைசிப் பாட்டைச் சேர்ப்பதா விடுவதா என்பதில்தான் கடைக்காரரின் தொழில்தருமம் அடங்கியிருந்தது. இவர் சேர்ப்பார். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது நாடா தீர்ந்து 'டக்'கென்று நின்றுவிடும். அந்தக் கடைக் கேசட்டில் வளர்ந்தவர்கள் சில பாட்டுகளை இன்றும் பாதியில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். யூடியூபில் முழுப்பாட்டைக் கேட்ட ஒருவர், "இதுக்கு இன்னொரு சரணம் இருக்கு, சொல்லவே இல்ல?" என்று கடைக்காரரைக் கேட்டார், 38 வருஷம் கழித்து.

இதில் கடைக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. பழைய 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று மூன்றரை நிமிடம்தான் பிடிக்கும். அதற்காகவே தட்டில் ஒரு சரணத்தை விட்டுவிட்டுப் படத்தில் மட்டும் வைத்த பாட்டுகள் உண்டு. தொலைந்த சரணம் எல்லாம் கடைக்காரர் கணக்கில் சேராது.

ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்து எந்தப் பாட்டு வரும் என்று மனசு காத்திருப்பதும் கேசட்டின் வேலை. 'அபூர்வ ராகங்கள்' பாட்டு ஓய்ந்ததும் தாசில்தாருக்கு 'தில்லானா மோகனாம்பாள்' நாதஸ்வரம் காதில் கேட்கும். மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்களின் சீவாளிச் சத்தம் முதற்கொண்டு கேட்கும் என்கிறார். இரண்டு படத்துக்கும் நடுவே ஏழு வருஷம், இசையமைப்பாளரும் வேறு. சம்பந்தப்படுத்தியது கடைக்காரரின் கைவேலை.

கடை வைத்த அந்த 1982-ஆம் வருஷத்துத் தீபாவளிக்கு நண்பர்கள் சண்டையைத் தீர்க்க ஒரு கேசட் பதிவு செய்தார்கள். ஏ பக்கம் விசுவநாதன், பி பக்கம் இளையராஜா. ஆளுக்கு 30 நிமிடம், சரிசமம். இதில் பி பக்கத்துக் கடைசியில் கடைக்காரர் கமுக்கமாக ஒரு விசுவநாதன் பாட்டை நுழைத்துவிட்டார் என்பது வாத்தியாரின் 43 வருஷக் குற்றச்சாட்டு. இடம் மிச்சமிருந்ததால் போட்டேன் என்று கடைக்காரர் ஒருமுறை சொன்னார். அப்படி ஒரு பாட்டே அதில் இல்லை என்று இன்னொருமுறை சொன்னார். காசாளர் அது முழுப்பாட்டு என்கிறார். தாசில்தார் ஆவணத்தைப் பார்க்காமல் உத்தரவிட முடியாது என்று ஒதுங்கிக்கொண்டார்.

போன வாரம் ஆவணம் கிடைத்துவிட்டது. கடைக்காரர் வீட்டுப் பரணில், பேத்தியின் பழைய ஊஞ்சல் கயிற்றுக்கு அடியில். மேலே பச்சை மையில் எழுதிய பட்டியல் கரைந்துபோய்ப் படங்களின் முதலெழுத்துகள் மட்டும் தெரிகின்றன. நாடா கொஞ்சம் சுருண்டிருந்ததை அவரே பென்சிலை விட்டுச் சுற்றி ஒழுங்குபடுத்திவிட்டார். தவறி அழிந்துவிடாமல் இருக்க முதுகிலிருக்கும் இரண்டு பொத்தானையும் 1982-இலேயே உடைத்து வைத்திருக்கிறார்கள்.

போட்டுக் கேட்கத்தான் கருவி இல்லை. 23 பேர் வீட்டிலும் தேடியாகிவிட்டது. இரண்டு டேப் ரெக்கார்டர் அகப்பட்டன. ஒன்றில் பெல்ட் உருகி ஒட்டியிருக்கிறது, மற்றதில் ரேடியோ மட்டும் பாடுகிறது. மதுரை வட்டாரத்தில் யாரிடமாவது ஓடுகிற நிலையில் ஒன்று இருந்தால் அரைமணி நேரத்துக்குக் கொடுத்து உதவலாம். பி பக்கம் மட்டும் கேட்டால் போதும்.