முன்கதை அண்ணாச்சி

முன்கதை அண்ணாச்சி பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துவிட்டால் நாம் கொடுத்த டிக்கெட் காசு அவர் குரலுக்குத்தான். திரையில் ஓடுவது கொசுறு. திருவனந்தபுரத்தில் எந்தத் தியேட்டருக்குப் போனாலும் இப்படி ஒருவர் இருப்பார். சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருப்பார், இல்லை செக்ரட்டேரியட்டில் ரிட்டயர் ஆகியிருப்பார். டிசம்பரில் திரைப்பட விழா அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கைரளி வாசலில் நிற்பார். கடைசி எழுத்து ஓடி முடியுமுன் எழுந்திருப்பவர்களை முறைப்பார். அதெல்லாம் போகட்டும். பொறுக்க முடியாதது அவருடைய ஆண்டுக் கணக்குதான்.

2012ல் 'ப்ரொமிதியஸ்' வந்ததிலிருந்து பிடித்த வியாதி இது. 1979ல் 'ஏலியன்' எடுத்த ரிட்லி ஸ்காட், அந்தப் பக்கமே திரும்பாமல் இருந்துவிட்டு, திடீரென்று முன்கதை எடுக்கக் கிளம்பினார். வரிசையில் நாலாவது படம் 1997லேயே வந்து போயிருந்தது. அதன் பிறகு பிரிடேட்டரோடு மோதவிட்ட இரண்டு படங்களை, கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடாத பங்காளிகளைப்போல, அண்ணாச்சி ஒதுக்கி வைத்துவிட்டார்.

அவரிடம் வாய்தவறிப் பேச்சைத் தொடங்கக் கூடாது.

"முதல் படத்துல முட்டை இருந்த கிரகம்தானே அண்ணாச்சி இது?"

"கிரகம் இல்ல தம்பி, உபகிரகம். அது எல்வி-426. இது எல்வி-223. ரெண்டும் வேற, பாத்துக்கோ."

தம்பானூர் இந்தியன் காபி ஹவுசுக்குப் போனோம். லாரி பேக்கர் கட்டிய அந்தச் சுழல் கட்டடத்தில் ஏறிக்கொண்டே போகலாம், தப்பித்துக்கொள்ள மூலை கிடையாது. என் தட்டிலிருந்த பீட்ரூட் கட்லெட்டை எடுத்து மேசை நடுவில் வைத்தார். அது 426. அவருடைய வடை 223. தக்காளி சாஸ், படத்தில் வரும் கறுப்புத் திரவம். "2093ல ப்ரொமிதியஸ் கப்பல் வடையில வந்து இறங்குது. 2104ல 'கவனன்ட்', அது வேற இடம். 2122லதான் 'ஏலியன்', கட்லெட்ல." 2122 வருவதற்குள் கட்லெட் ஆறிப்போயிற்று. எடுத்துச் சாப்பிடலாமா என்றால் பிரபஞ்சம் குலைந்துவிடுமாம். வடையை மட்டும் அவர் எப்போது தின்றார் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

"சரி, 426ங்கிற நம்பர் முதல் படத்துல வருதா? வராது. 1986ல ஜேம்ஸ் கேமரூன் எடுத்த ரெண்டாம் படத்துலதான் வருது." நான் கேட்கவே இல்லை. ஆனாலும் தோற்றவன் நான்.

இவ்வளவுக்கும் ப்ரொமிதியஸ் அவருக்குப் பிடிக்காத படம். முதல் படத்தில், கைவிடப்பட்ட கப்பலில் ஒரு ராட்சத உருவம் நாற்காலியோடு நாற்காலியாகக் கல்லாகிக் கிடக்கும். முகத்தில் தும்பிக்கை மாதிரி ஒன்று. நெஞ்செலும்பு உள்ளேயிருந்து வெளியே வெடித்திருக்கும். எச். ஆர். கீகரின் கைவண்ணம். அது இன்னும் பிரம்மாண்டமாகத் தெரிய, ஸ்காட் தன் பிள்ளைகளுக்கே சின்ன விண்வெளி உடை மாட்டி அதன் பக்கத்தில் நடக்கவிட்டார். அது யார், எங்கிருந்து வந்தது என்று அந்தப் படம் வாய் திறக்கவில்லை. 2012ல் பார்த்தால் தும்பிக்கை வெறும் ஹெல்மெட்டாம். கழற்றினால் உள்ளே வெளுத்த மொட்டைத் தலை ஆசாமி.

"விளக்கம் யாரு தம்பி கேட்டா?" என்பார். இதைச் சொல்லும்போது மட்டும் குரல் கம்மும், தேதி ஒன்றும் வராது. அப்போது அவரைப் பிடித்துப்போகும். இருட்டில் அந்த உருவத்தைக் கண்டு வாய் பிளந்த ஒரு பையன் இன்னும் அவருக்குள் உட்கார்ந்திருக்கிறான்.

ஆனால் 2024ல் 'ரோமுலஸ்' வந்தபோது, விளக்கு அணைந்ததும் என் காதோரம் அதே குரல்: "இது 2142, பாத்துக்கோ." பிறகு யார் எப்போது சாவார்கள் என்பது வரை வரிசையாக வந்தது. காலைக் காட்சியையே பார்த்துவிட்டாராம். தெரியாமல் பார்க்கிற சுகத்தை ஸ்காட் கெடுத்துவிட்டார் என்று இத்தனை வருஷமாகப் புலம்புகிற மனுஷன் செய்கிற வேலையா இது? ஸ்காட்டாவது 33 வருஷம் பொறுத்தார். இவர் அடுத்த காட்சி வரைக்கும்கூடப் பொறுப்பதில்லை.