கவுன்டருக்கு இந்தப் பக்கம்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்தமான் தபால் முத்திரையோடு வந்தவை. எல்லாமே வங்கி விவகாரம். ஆகவே சினிமா, அரசியல் கேள்விகள் அடுத்த வாரம்.

பலசரக்குக் கடைக்காரர், ரங்கத்
வங்கியோடு சண்டை போட வக்கீல் வேண்டுமா, நல்ல வாய் வேண்டுமா?

இரண்டு காகிதமும் ஒரு சீலும் வேண்டும். புகாரை இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றில் தேதியோடு சீல் வாங்குங்கள். "சீல் உள்ளே இருக்கு, சார் சாப்பிடப் போயிருக்கார்" என்பார்கள். சார் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு வரட்டும், நீங்கள் பெஞ்சில் உட்காருங்கள். வந்த பிறகும் சீல் விழவில்லையா? நேரே தபால் நிலையம். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பாஸ்புக்குக்குள் வையுங்கள். வங்கிக்குச் சட்டம் தரும் 30 நாள் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். மேனேஜரிடம் கத்திவிட்டு வந்த நாளிலிருந்து எதுவும் ஓடாது. உங்கள் ரத்த அழுத்தம் மட்டும் ஏறும்.

பள்ளி ஆசிரியை, டிக்லிபூர்
ஏ.டி.எம்.மில் பணம் வரவில்லை, கணக்கில் 10,000 ரூபாய் போய்விட்டது. நாற்பது நாள் கழித்துத் திருப்பிப் போட்டார்கள். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். சரிதானே?

நன்றியை வாபஸ் வாங்குங்கள், அம்மா. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி, இப்படிப் போன பணம் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய். உங்கள் கணக்கில் 35 நாள் தாமதம், அதாவது 3,500 ரூபாய். இதை நீங்கள் கேட்காமலேயே வரவு வைத்திருக்க வேண்டும் என்பதுதான் உத்தரவு. கேட்டாலாவது தருகிறார்களா பாருங்கள்.

மீனவர், ஹட்பே
ஆம்பட்ஸ்மேனிடம் போ என்கிறார்கள். ஆள் எங்கே இருக்கிறார்? கப்பல் உண்டா?

வங்கிப் புகாரைத் தீர்க்க ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் ஆள் அவர். முன்பெல்லாம் நம் தீவுப் புகார்கள் கொல்கத்தாவுக்குப் போகும். 2021 நவம்பர் 12-இல் ரிசர்வ் வங்கி தன் ஆம்பட்ஸ்மேன் திட்டங்கள் எல்லாவற்றையும் ஒரே திட்டமாக்கியது. இப்போது காகிதப் புகார்கள் போய்ச் சேரும் இடம் சண்டிகர். கடலே பார்க்காத ஊர், ஆனால் நம் ஊர்ப் புகார் அங்கேதான் பிரிக்கப்படுகிறது. நீங்கள் போக வேண்டாம். கடிதம் போனால் போதும். இணையத்தில் ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். தளத்திலும் போடலாம். 14448-ஐக் கூப்பிட்டு வழி கேட்கலாம். காசு கிடையாது. வக்கீல் வைத்துக்கொள்ளவும் விடமாட்டார்கள் (நீங்களே வக்கீலாக இருந்தால் சரி).

ஆனால் வரிசை தப்பக் கூடாது. முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் பிடிக்காவிட்டால்தான் இவரிடம் போகலாம். அதுவும் 2021 திட்டப்படி ஓராண்டுக்குள். முதல் கேள்வியில் சீல், சீல் என்று நான் அடித்துக்கொண்டது இதற்காகத்தான். அந்தச் சீலோ தபால் ரசீதோ இல்லாமல் வரும் புகாரைப் பிரித்த கையோடு மூடிவிடுவார்கள். 2021 திட்டம் உங்கள் நஷ்டத்துக்கு 20 லட்சம் ரூபாய் வரையும், அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் ஒரு லட்சம் வரையும் தரச் சொல்ல அவருக்கு அதிகாரம் தந்தது. தீர்ப்பு உங்களுக்குச் சாதகமாக வந்தால் 30 நாளுக்குள் 'ஏற்கிறேன்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஜெயித்த சந்தோஷத்தில் அதை மறந்தால் தீர்ப்பு காலாவதி.

ஓய்வுபெற்ற அரசு ஊழியர், அபெர்டீன் பஜார்
எங்கள் பணம் கூட்டுறவு வங்கியில். ஆம்பட்ஸ்மேன் எங்களைக் கண்டுகொள்வாரா?

2025 அக்டோபர் வரை கண்டுகொள்ளவில்லை. மாநிலக் கூட்டுறவு வங்கிகள் அந்தத் திட்டத்துக்கு வெளியே இருந்தன. 2025 நவம்பர் 1 முதல் உள்ளே வந்துவிட்டன. தீவெங்கும் கிளை வைத்திருக்கும் அந்தமான் நிக்கோபார் மாநிலக் கூட்டுறவு வங்கியின் வாடிக்கையாளருக்கு இது சின்ன விஷயமில்லை. அந்த வங்கியின் கடன்கள் தொடர்பாக 2025-இல் அமலாக்கத் துறை சோதனை போட்டதைப் படித்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. அந்த வழக்கை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். டெபாசிட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு, வட்டியும் சேர்த்து. ஒரே வங்கியின் நாலு கிளையில் நாலு கணக்கு வைத்தால் 20 லட்சம் ஆகிவிடாது, எல்லாம் கூட்டி ஒரே ஐந்துதான். நிறையப் பேர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

இல்லத்தரசி, ஜங்கிலிகாட்
லாக்கரில் வைத்த நகைக்கு வங்கி பொறுப்பா? 'உள்ளே என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது, அதனால் பொறுப்பில்லை' என்கிறார் மேனேஜர்.

மேனேஜர் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்கு ஒரு கொல்கத்தாக்காரர் ஏறத்தாழ 26 ஆண்டு செலவழித்தார்.

தேசப்ரிய பார்க் கிளையில் அம்மாவோடு சேர்ந்து லாக்கர் வைத்திருந்தார். 1994 ஜூனிலேயே வாடகை கட்டியாகிவிட்டது. செப்டம்பரில் வாடகை பாக்கி என்று சொல்லி, ஒரு வார்த்தை தெரிவிக்காமல் லாக்கரை உடைத்துவிட்டார்கள். உடைத்ததோடு விட்டார்களா, வேறு ஒருவருக்கு வாடகைக்கும் விட்டுவிட்டார்கள். மறு ஆண்டு அவர் போனபோதுதான் விஷயமே தெரிந்தது. ஏழு நகை இருந்தது என்றார் அவர், திரும்பக் கிடைத்தது இரண்டு. நுகர்வோர் மன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை நடந்து 2021 பிப்ரவரி 19-இல் தீர்ப்பு வந்தது. உங்கள் மேனேஜரிடம் வழக்கின் பெயரைச் சொல்லுங்கள்: அமிதாபா தாஸ்குப்தா எதிர் யுனைடெட் பேங்க் ஆஃப் இந்தியா. ஐந்து லட்சம் நஷ்டஈடு, ஒரு லட்சம் வழக்குச் செலவு. தப்பு செய்த அதிகாரிகள் இன்னும் வேலையில் இருந்தால் அந்த ஐந்து லட்சத்தை அவர்கள் சம்பளத்தில் பிடியுங்கள் என்றும் எழுதினார்கள். நான் ரசித்துப் படித்த வரி அது. 'உள்ளே ஏழா, இரண்டா' என்ற கேள்வியை மட்டும் சிவில் கோர்ட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மேனேஜரின் பாதி உண்மை அதுதான்.

அந்தத் தீர்ப்பில் கொடுத்த கெடுவின்படி ரிசர்வ் வங்கி புது விதி எழுதியது. 2022 ஜனவரி 1 முதல், திருட்டு, தீ, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி என்று எது நடந்தாலும் ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வங்கி தர வேண்டும். 2,000 ரூபாய் வாடகை என்றால் இரண்டு லட்சம். இருபது லட்ச ரூபாய் நகை வைத்திருப்பவர் இந்த இடத்தில் பெருமூச்சு விடலாம்.

நம் தீவுக்கென்று ஒரு முள்ளும் அந்த விதியில் இருக்கிறது. வங்கியின் கவனக்குறைவு இல்லாமல் நிலநடுக்கம், வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றத்தால் போனால் வங்கிக்குப் பொறுப்பில்லை. 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்த ஊரில் இதற்கு விளக்கம் வேண்டாம். நகைக்குத் தனியாக இன்ஷூரன்ஸ் போட முடியுமா என்று விசாரியுங்கள்.

ரிசார்ட் ஊழியர், ஹேவ்லாக்
போனில் யாரோ பேசினார், 60,000 போய்விட்டது. ஓ.டி.பி. சொன்ன ஞாபகம் இல்லை. வங்கி 'உன் தப்பு' என்கிறது.

'உன் தப்பு' என்று சொல்வது சுலபம், அதை நிரூபிக்க வேண்டியது வங்கி. 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை அப்படித்தான் சொல்கிறது. வங்கி மேலும் தப்பில்லை, உங்கள் மேலும் தப்பில்லை, நடுவில் யாரோ திருடினார் என்றால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டம் பூஜ்யம். நாலு முதல் ஏழு நாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் உங்கள் தலையில். அதற்கும் பிறகு என்றால் வங்கியின் கொள்கைப்படி. வேலை நாள் என்பது உங்கள் கணக்கு இருக்கும் கிளையின் வேலை நாள். தகவல் வந்த நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தீவில் நெட் போய்ப் போய் வரும் நாட்களில் இந்த ஒரு நாள் கூட உதவும்.

குவாஹாத்தி வாடிக்கையாளர் ஒருவர் 94,204 ரூபாய் இழந்தார். மோசடிக்காரன் பேச்சைக் கேட்டு ஒரு செயலியைக்கூட இறக்கியிருந்தார். ஆனால் 24 மணி நேரத்துக்குள் வங்கியில் சொல்லிவிட்டார். ஸ்டேட் வங்கி உச்ச நீதிமன்றம் வரை போய் 2025 ஜனவரி 3-இல் தோற்றது, முழுப் பணத்தையும் தர வேண்டியதாயிற்று. வேகம்தான் அவரைக் காப்பாற்றியது. நீங்களே ஓ.டி.பி.யை வாசித்துக் காட்டியிருந்தால் கதை வேறு: தெரிவிக்கும் வரை போனது உங்களுடையது, தெரிவித்த பிறகு போனது வங்கியுடையது. முதலில் சைபர் மோசடிப் புகார் எண் 1930, அடுத்த நிமிஷம் வங்கி. எனக்குக் கடிதம் போடுவது மூன்றாவது.

பெயர் வேண்டாம், பாராடாங்
கடன் வசூல்காரர் ராத்திரி எட்டரைக்குக் கூப்பிட்டு மிரட்டுகிறார்.

காலை 8 முதல் மாலை 7 வரைதான் கூப்பிடலாம். நம் தீவில் ஐந்தரைக்கே இருட்டிவிடுகிறது, அதனால் நமக்கு மட்டும் ஐந்தரை என்று நான் பல காலமாக வாதாடி வருகிறேன். இதுவரை யாரும் கேட்கவில்லை. அழைப்புப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வங்கிக்கான புகாரோடு இணையுங்கள்.

ஸ்கூபா பயிற்சியாளர், நீல் தீவு
நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா? வங்கியின் தலைமையகம் மும்பையில்.

மும்பை வரை போக வேண்டியதில்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே வழக்குப் போடலாம். நமக்கு அது போர்ட் பிளேர் (அரசாங்கத்துக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம், ஆட்டோக்காரருக்கு இன்னும் பிளேர்). விவகாரம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். சேவைக்கு நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், வீடியோவில் விசாரிக்கவும் கேட்கலாம். ஜிர்காடாங்கில் கான்வாய்க்கு விடியற்காலையில் வரிசையில் நிற்கும் மாயாபந்தர்க்காரருக்கு இதன் அருமை தெரியும்.

இரண்டு எச்சரிக்கை. ஆம்பட்ஸ்மேனிடம் காத்திருக்கும்போதும் அந்த இரண்டு ஆண்டு ஓடிக்கொண்டே இருக்கும். இங்கே வழக்குப் போட்டுவிட்டால் அதே விஷயத்துக்கு அவரிடம் போகவும் முடியாது. மற்றது: உங்கள் கணக்கு வியாபாரக் கணக்கா? பங்குத் தரகர் ஒருவர் ஓவர்டிராஃப்ட் விவகாரத்தில் வந்தபோது, இது லாபத்துக்கான தொழில், நீங்கள் நுகர்வோர் இல்லை என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் அனுப்பிவிட்டது. சொந்தப் பிழைப்புக்காக நீங்களே உழைத்து நடத்தும் தொழில் என்றால் விலக்கு உண்டு. தண்ணீருக்குள் குதிப்பது நீங்களா, உங்கள் சம்பள ஆட்களா என்று கேட்பார்கள்.

பாக்குத் தோப்புக்காரர், லிட்டில் அந்தமான்
கடன் பாக்கி. வீட்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். ஹைகோர்ட் சர்க்யூட் பெஞ்ச் இங்கேயே இருக்கிறதே, நேரே போய்விடலாமா?

நேரே போனால் பெரும்பாலும் நேரே திரும்பி வருவீர்கள். வேறு வழி இருக்கும்போது ரிட் மனுவை எடுக்காதீர்கள் என்று உயர் நீதிமன்றங்களுக்கு 2010-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நோட்டீஸில் 'சர்ஃபாசி' சட்டத்தின் பெயர் இருக்கிறதா பாருங்கள். முதல் நோட்டீஸ் என்றால் 60 நாள் அவகாசம். அதற்குள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள். வங்கி 15 நாளில் காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். சொத்தில் கை வைத்துவிட்டார்கள் என்றால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயம். நமக்கு அது கொல்கத்தாவில். கப்பலில் மூன்று நாள் போய்விடும், அதையும் கழித்துத்தான் நாளை எண்ண வேண்டும். இந்த வழக்குக்கு மட்டும் வக்கீல் வையுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம்.

அதற்கு முன் ஒன்று: அடமானம் வைத்தது வீடா, தோப்பா? விவசாய நிலத்தின் மீது இந்தச் சட்டம் பாயாது. பாக்கு காய்க்கும் நிலம் விவசாய நிலமா என்பதை வருவாய் ஆவணமும் நிலத்தின் உண்மையான பயன்பாடும் சொல்ல வேண்டும். இன்றே நகல் எடுங்கள்.

மளிகை வியாபாரி, பாம்பூஃப்ளாட்
கடனை முழுசாக அடைத்து மூன்று மாதம். பத்திரம் 'மெயின்லேண்டில் இருக்கு, வரும்' என்கிறார்கள்.

வருகிற வரைக்கும் நீங்கள் காசு பார்க்கலாம். 2023 டிசம்பர் 1 முதல், கடன் தீர்ந்த 30 நாளுக்குள் பத்திரத்தைக் கொடுத்தாக வேண்டும். வங்கியின் தாமதம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய். அறுபது நாள் தாமதத்துக்கு மூன்று லட்சம். இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் எழுதி மேனேஜர் மேஜையில் வையுங்கள். பத்திரம் விமானத்தில் வரும்.

கல்லூரி மாணவர், கராச்சர்மா
உங்களை எந்த வங்கியாவது ஏமாற்றியிருக்கிறதா?

பெயர் வேண்டாம். குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று கழித்துக் கழித்து, என் கணக்கைப் பூஜ்யத்துக்குக் கீழே இறக்கி, நானே அவர்களுக்கு 212 ரூபாய் கடன்காரன் ஆனேன். அப்படி மைனஸில் தள்ளக் கூடாது என்று 2015 ஏப்ரல் முதல் விதி இருப்பது எனக்குத் தெரியும், கவுன்டரில் இருந்த தம்பிக்குத் தெரியவில்லை. சுற்றறிக்கையின் நகலைக் காட்டினேன். "இது பழைய ரூல் சார்" என்றார். "பழசுதான் தம்பி, உயிரோடு இருக்கிறது" என்றேன். ஒன்பதாம் நாள் கழித்தது எல்லாம் திரும்பி வந்தது. டீ வாங்கித் தரவில்லை.

ஓர் அக்கா, தம்பி பற்றி, மாயாபந்தர்
அப்பாவின் டெபாசிட்டுக்குத் தம்பி நாமினி. 'எல்லாம் எனக்கே' என்கிறான்.

வாங்குகிறவர் அவர், உரியவர்கள் எல்லா வாரிசுகளும். உச்ச நீதிமன்றத்தின் 2010 தீர்ப்பு ஒன்று அப்படித்தான் சொல்கிறது. வங்கியோடு உங்களுக்குச் சண்டையே இல்லை. தம்பிக்கு இந்தப் பக்கத்தை வெட்டி அனுப்புங்கள்.

தோட்டத் தொழிலாளர், கச்சால்
எனக்குத் தமிழ்தான் எழுத வரும். சண்டிகரில் யார் படிப்பார்கள்?

எந்த மொழியில் எழுதினாலும் வாங்கிக்கொள்வோம் என்று திட்டம் தொடங்கியபோதே ரிசர்வ் வங்கி அறிவித்திருக்கிறது. 14448-இலும் தமிழில் பேசலாம். தாராளமாகத் தமிழில் எழுதுங்கள், ஐயா. கணக்கு எண்ணையும் வங்கிக்குப் புகார் கொடுத்த தேதியையும் மட்டும் பெரிதாக, தெளிவாக. உங்கள் கடிதத்தில் அந்தத் தேதியைத்தான் நான் இரண்டு முறை தேடினேன்.