கொத்தவரைக்கு யார் பங்காளி?

கே: போடிச் சந்தையில் கொத்தவரங்காயும் அவரைக்காயும் பக்கத்துப் பக்கத்துக் கூடையில் இருக்கின்றன. இரண்டும் அண்ணன் தம்பிதானே? (வாசகர், போடிநாயக்கனூர்)

ஒரே வம்சம்தான், ஆனால் தூரத்துச் சொந்தம். கொத்தவரையின் நெருங்கிய பங்காளி அவரை இல்லை, அவுரி! ஊரெல்லாம் துணிக்கு நீலச் சாயம் தந்த அதே அவுரி. தாவரவியலார் இந்த இரண்டையும் ஒரே கிளையில் வைத்திருக்கிறார்கள். அவரையும் தட்டைப்பயறும் வேறு கிளை. இவை எல்லாம் அடங்கிய பயறுக் குடும்பம் பெரிது, சுமார் 20,000 இனங்கள். உங்கள் ஊர்ப் புளியமரமும் அதில் ஒன்று.

கே: போடிமெட்டு ஏறினால் ஏலக்காய்தான் கண்ணில் படுகிறது. மலையில் பயறுக் குடும்பத்துக்கு வேலையே இல்லையா?

மிளகுக்கொடியைத் தோளில் ஏற்றிக்கொண்டு நிற்பது யாராம்? கல்யாண முருங்கை! பெயரில்தான் முருங்கை, பிறந்தது பயறுக் குடும்பத்தில். சாம்பாரில் போடும் முருங்கைக்கு நெருங்கிய உறவு பப்பாளி. ஏலமோ இஞ்சிக் குடும்பம். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் வேர்முடிச்சு அதற்குக் கிடையாது, கல்யாண முருங்கைக்கு உண்டு. அதன் தழை மட்கினால் அந்தச் சத்து மண்ணுக்குத்தான் போகும். எனவே தோட்டக்காரர்களே, கிளை கழிக்கும்போது தழையை வெளியே அள்ளிப்போடாதீர்கள், செடியைச் சுற்றி மூடாக்காகப் பரப்புங்கள்.