நடுமாடி எங்கே?

கேள்வி: எங்களுக்கு எம்.பி. உண்டு, பஞ்சாயத்துப் பிரதான் உண்டு. எம்.எல்.ஏ. மட்டும் கிடையாது. இது ஜனநாயகம்தானா?
– ஒரு வாசகர், குட்வில் எஸ்டேட், அந்தமான்

பதில்: ஜனநாயகம்தான், நடுமாடியைக் கட்டாமல் விட்டுவிட்டார்கள். சட்டமன்றம் இருக்கவேண்டிய இடத்தில் துணைநிலை ஆளுநர் இருக்கிறார். அரசியலமைப்பின் 239ஆம் பிரிவுப்படி குடியரசுத் தலைவர் அனுப்பிவைப்பவர் என்பதால், அவர் ஓட்டுக் கேட்டு உங்கள் தெருவுக்கு வரப்போவதில்லை. நிர்வாகம் வேறு, பிரதிநிதித்துவம் வேறு என்று அரசியல் பாடப்புத்தகம் பக்கம் பக்கமாக விளக்குகிறதே, அதை நீங்கள் வீட்டு வாசலிலேயே படிக்கிறீர்கள்.

எம்.எல்.ஏ. இல்லையென்றால் மாநிலங்களவைக்கும் ஆள் அனுப்ப முடியாது. அனுப்புகிறவர்களே அவர்கள்தானே! மக்களவை எம்.பி.யையும் 1967 வரை குடியரசுத் தலைவர்தான் நியமித்தார். அந்த ஆண்டுதான் தீவு மக்கள் முதன்முதலாக ஓட்டுப்போட்டு எம்.பி.யைத் தேர்ந்தெடுத்தார்கள்.

உங்கள் தீவுகளைப் போலவே புதுச்சேரியும் யூனியன் பிரதேசம்தான். ஆனால் அங்கே 30 தொகுதிகள், ஒரு முதலமைச்சர் எல்லாம் உண்டு. (பொறாமைப்படாதீர்கள். துணைநிலை ஆளுநரோடு மல்லுக்கட்டிய கதைகளை அங்கே மணிக்கணக்கில் சொல்வார்கள்.)

நடுமாடி எழும்பும்வரை உங்கள் கையில் இருப்பது கிராம சபை. அங்கே வாக்காளர் எல்லோருமே உறுப்பினர்கள். அடுத்த கூட்டத்துக்குத் தவறாமல் போய், வரவுசெலவுக் கணக்கைக் கேளுங்கள்.