நம்ம பக்கத்துத் தீவுக்கூட்டம்

கேள்வி: கிரேக்கத் தீவுகளைப் படத்தில் பார்த்தே பெருமூச்சு விடுகிறேன். மதுரைக்காரனுக்குக் கிட்டத்தில் ஒரு தீவுக்கூட்டம் உண்டா?
– வாசகர், திருப்பரங்குன்றம்

பதில்: பெருமூச்சை நிறுத்திவிட்டு ராமநாதபுரம் பஸ்ஸில் ஏறுங்கள்! தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். குருசடை, மனோலி, முயல் தீவு, நல்லதண்ணி, உப்புத்தண்ணி, வான் தீவு... பெயர்களே கூப்பிடுகின்றன.

கிரேக்கத்தின் சைக்லடீஸ் தீவுகள் பெரும்பாலும் கடலில் மூழ்கிய மலைகளின் உச்சிகள். நம்முடையவை பவளமும் மணலும் சேர்ந்த தாழ்ந்த திட்டுகள். கடல் சற்றே உயர்ந்தாலும் தாங்காது.

கிரேக்கர்களுக்கும் இந்தக் கடல் தெரியும். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்', பாண்டியனின் கொற்கையில் தண்டனைக் கைதிகள் முத்துக் குளித்ததைச் சொல்கிறது. வைகை கடலைத் தொடும் இடத்துக்குப் பக்கத்தில், அழகன்குளம் அகழாய்வில் ரோமானியக் காசுகளும் பானை ஓடுகளும் கிடைத்தன. நீங்கள் அவர்கள் தீவுக்கு ஏங்குகிறீர்கள். அவர்கள் நம் முத்துக்கு ஏங்கினார்கள்!

வயிற்றெரிச்சலான சேதியும் உண்டு. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டியே அந்த 21-ல் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் மூழ்கிவிட்டன. 1986-ல் தேசியப் பூங்கா வந்தது. பவளங்களுக்கு வனவுயிர்ச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பு 2001-ல்தான் கிடைத்தது. கரைந்துவரும் வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பவளத்திட்டுகளை இறக்கியிருக்கிறார்கள். காக்க வேண்டிய சொத்து. நினைத்தபடி காலை வைக்க முடியாது, வனத்துறை அனுமதி வேண்டும். அந்தக் கெடுபிடிக்கு என் முழு ஆதரவு.